அதிகப் பொருள் கொண்ட ஆங்கில வினை ‘ரன்’: முக்கியக் குறிப்புகள்

அகராதியில் இடம்

• ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ‘ரன்’ வினைக்கு மட்டும் தரப்பட்டுள்ள பொருள்கள் – 645. பெயர்ச்சொல் பொருள்கள் தனிக்கணக்கு.
• திருத்திய பதிவு வெளியான ஆண்டு – 2011. திருத்தியவர் – பீட்டர் கில்லிவர். பிடித்த காலம் – 9 மாதங்கள்.
• இதற்கு முன் முதலிடம் – ‘செட்’. 1989 இரண்டாம் பதிப்பில் 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம், 3,26,000 எழுத்துகள்.
• பழைய பொது அறிவு நூல்களின் விடை ‘செட்’; இன்றைய விடை ‘ரன்’. வினாவில் ‘இரண்டாம் பதிப்பு’ அல்லது ‘1989’ இருந்தால் மட்டும் ‘செட்’.
• அகராதித் திட்டம் முன்மொழிவு – 1857, இலண்டன் பிலலாஜிக்கல் சொசைட்டி. ஜேம்ஸ் முரே பதிப்பாசிரியர் பொறுப்பு – 1879. முதல் பகுதி – 1884. முதல் பதிப்பு நிறைவு – 1928. இரண்டாம் பதிப்பு – 1989, 20 தொகுதிகள். இணையப் பதிப்பு – 2000.
• முரே மறைவு – 1915. பணி நிறைவுக்கு 13 ஆண்டுகள் முன்பு.
• கில்லிவரின் நூல் – ‘தி மேக்கிங் ஆஃப் தி ஆக்ஸ்போர்டு இங்கிலிஷ் டிக்‌ஷனரி’, 2016.

வடிவங்கள்

• ரன் – ரேன் – ரன். முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்று. இதே வாய்பாடு: கம் – கேம் – கம், பிகம் – பிகேம் – பிகம்.
• கூட்டு வினைகள்: ஓவர்ரன், அவுட்ரன், ரீரன். இவற்றின் இறந்தகாலமும் ‘ரேன்’ முடிவே.
• ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ பின் எப்போதும் ‘ரன்’. ‘ஹேஸ் ரேன்’ பிழை. பிழை கண்டறிதல் பகுதிக்கு வசதியான வினா. இரண்டு வடிவமும் ஒன்றாக இருப்பதே குழப்பத்தின் காரணம்.
• ‘ரன்னிங்’ – ‘என்’ இரட்டிக்கும். விதி: ஓரசை, குறில் ஒலி, இறுதியில் ஒற்றை மெய்.

சொல் வரலாறு

• பழைய ஆங்கில வடிவம் – ‘ரின்னன்’. எழுத்து இடம் மாறிய மற்றொரு வடிவம் – ‘இர்னன்’. தமிழில் தசை – சதை மாற்றம் போன்றது.
• ‘ரின்னன்’ – தன்வினை. தானே ஓடுதல், வழிந்து செல்லுதல். பிறவினைக்குத் தனி வடிவம், ஓடச்செய்தல். இரண்டும் காலப்போக்கில் ஒரே சொல்லாகக் கலப்பு. பொருள் பெருக்கத்தின் முதல் காரணம் இதுவே.
• ஜெர்மன் மொழியில் பிரிவு இன்றும் உண்டு: ‘ரின்னன்’ – நீர் வழிதல், ‘ரென்னன்’ – கால்களால் ஓடுதல்.
• பால் உறைதலும் பழைய பொருள்களில் ஒன்று. பாலாடைக்கட்டி செய்ய உதவும் ‘ரென்னட்’ இதே வேரில் பிறந்த சொல்.
• அமெரிக்காவின் சில பகுதிகளில் ‘ரன்’ – சிற்றோடை. உள்நாட்டுப் போரின் முதல் பெரிய போர் ‘புல் ரன்’, வர்ஜீனியா, 21 ஜூலை 1861. காளைக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை; ஓடையின் பெயர்.

தமிழ் ‘ஓடு’ பொருந்தும் இடங்கள்

• கால்கள் – ஒரு கணமேனும் இரு பாதமும் தரையில் படாத நகர்வு. நடைப்போட்டியில் கண்ணுக்குத் தெரியும்படி இரு பாதமும் தரை நீங்கினால் விதிமீறல். ஓட்டத்தையும் நடையையும் பிரிக்கும் வரையறை இதுவே.
• நீர், இரத்தம், ஆறு – ஓடுதல்.
• இயந்திரம், கடிகாரம், மோட்டார் – ஓடுதல். ‘ரன்ஸ் ஆன் டீசல்’ – டீசலில் ஓடும்.
• பேருந்து, ரயில் – சேவை நடைபெறுதல்.
• படம், நாடகம் – தொடர்ந்து ஓடுதல். நீண்டகாலம் ஓடும் நாடகம் – ‘தி மவுஸ்ட்ராப்’, அகதா கிறிஸ்டி. இலண்டன் தொடக்கம் 25 நவம்பர் 1952. நிறுத்தம் – மார்ச் 2020, கொரோனா பரவல். மீண்டும் தொடக்கம் – மே 2021.
• எண்ணம் மனத்தில் ஓடுதல், காலம் ஓடுதல் – இரு மொழிக்கும் பொது.
• தமிழ் வழியில் படித்தவர்க்கு இந்தப் பகுதி தானே வரும், மனப்பாடம் தேவையில்லை. நேரம் செலவிட வேண்டிய பகுதி அடுத்தது.

‘ஓடு’ பொருந்தாத இடங்கள்

• நிர்வகித்தல் – கடை, விடுதி, பள்ளி, அரசு. ‘ஸ்டேட்-ரன்’ – அரசு நடத்தும்.
• வெளியிடுதல் – செய்தி, விளம்பரம், தொடர்கதை. எழுவாய் பெரும்பாலும் நாளிதழ்.
• நீண்டு செல்லுதல் – சாலை, வேலி, தழும்பு, மலைத்தொடர். அசையாத பொருளுக்கு அசைவு வினை. நிகழ்காலத்தில் வரும், தொடர்வடிவம் அரிது.
• சாயம் இறங்குதல் – துவைக்கும்போது துணியின் நிறம் கசிதல்.
• காலுறையில் இழை பிரிதல் – அமெரிக்க வழக்கு ‘ரன்’. பிரிட்டன் வழக்கு ‘லேடர்’.
• காய்ச்சல் – ‘ரன் எ டெம்பரேச்சர்’. மூக்கு ஒழுகுதல் – ‘ரன்னி நோஸ்’.
• பரம்பரையாக வருதல் – ‘ரன்ஸ் இன் தி ஃபேமிலி’. நோய்க்கும் திறமைக்கும் பொது.
• கடத்துதல் – துப்பாக்கி, மது. ‘ரம்-ரன்னிங்’ – அமெரிக்க மதுவிலக்குக் காலம், 1920–1933. ‘பிளாக்கேட் ரன்னர்’ – அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடல் முற்றுகையை ஊடுருவிச் சென்ற கப்பல், 1861–1865.
• ஒருவரை வண்டியில் கொண்டுபோய் விடுதல் – பேச்சு வழக்கு.
• குளியல்தொட்டியில் நீர் நிரப்புதல் – ‘ரன் எ பாத்’.
• சோதனை, ஆய்வு செய்தல் – ‘ரன் எ டெஸ்ட்’.
• முக்கியம்: ‘ஓட்டு’ என்பதற்கு ‘ரன்’ ஆகாது. பேருந்து ஓட்டுபவர் – ‘டிரைவ்ஸ் எ பஸ்’. ‘ரன்ஸ் எ பஸ்’ – பேருந்துச் சேவை நடத்துபவர். ஓட்டுநரும் உரிமையாளரும் ஒருவராக மாறிவிடும் மொழிபெயர்ப்புப் பிழை.

இணைப்பு வினையாக

• பின்னால் பெயரடை வந்தால் ‘ரன்’ இணைப்பு வினை, பொருள் ‘ஆகுதல்’.
• ‘ரன் டிரை’ – வற்றுதல். ‘ரன் ஷார்ட்’, ‘ரன் லோ’ – குறைதல். ‘ரன் வைல்டு’ – கட்டுமீறுதல். ‘ரன் லேட்’ – தாமதமாதல். ‘ரன் டீப்’ – ஆழமாதல். ‘ரன் ஹை’ – உணர்ச்சி, விலை மிகுதல்.
• வினையடை வராது. ‘ரன் டிரைலி’ பிழை.
• ‘ரன் அமக்’ – வெறிபிடித்துத் தாக்குதல். ‘அமக்’ மலாய் மொழிச் சொல்.
• ‘ரன் அக்ரவுண்டு’ – கப்பல் தரைதட்டுதல். எடுத்துக்காட்டு: ‘எவர் கிவன்’, சூயஸ் கால்வாய், 23 மார்ச் 2021, நீளம் 400 மீட்டர், மீட்பு 29 மார்ச்.

இடைச்சொல் மாறினால் பொருள் மாறும்

• தனி ‘ரன்’ பொருள்பட்டியலை மனப்பாடம் செய்வது வீண். நினைவில் நிற்பது இடைச்சொல், எழுவாய், செயப்படுபொருள் மூன்றும் சேர்ந்த கட்டு மட்டுமே.
• ரன் அக்ராஸ் – தற்செயலாகக் காணுதல். பொருளுக்கும் ஆளுக்கும் பொது.
• ரன் இன்டு – மூன்று பொருள்: எதிர்பாராமல் சந்தித்தல், மோதுதல், தொகை எட்டுதல். ‘கோடிகளில் போகும்’ என்பதற்கு ‘ரன்ஸ் இன்டு குரோர்ஸ்’.
• ரன் ஓவர் – வண்டி ஏற்றுதல், பாத்திரம் வழிதல், நேரம் கடத்தல், விரைவாகத் திருப்பிப் பார்த்தல்.
• ரன் டவுன் – மோதி வீழ்த்துதல், இகழ்தல், பேட்டரி தீர்தல், தேடிக் கண்டுபிடித்தல். பெயரடையாக ‘ரன்-டவுன்’ – பாழடைந்த, உடல் தளர்ந்த.
• ரன் அப் – கடன் ஏற்றுதல், கொடி ஏற்றுதல், துணி அவசரமாகத் தைத்தல். ‘ரன் அப் அகெய்ன்ஸ்ட்’ – தடையைச் சந்தித்தல்.
• ரன் த்ரூ – ஒத்திகை பார்த்தல், பணத்தைக் கரைத்தல், குத்தி ஊடுருவுதல், முழுதும் பரவியிருத்தல்.
• ரன் ஆஃப் – தப்பியோடுதல். படிகள் அச்சிட்டு எடுத்தல். ‘ரன் ஆஃப் வித்’ – திருடிக்கொண்டு அல்லது காதலரோடு ஓடுதல்.
• ரன் ஆன் – நிறுத்தாமல் நீளுதல்.
• ரன் ஆஃப்டர் – துரத்துதல்.
• ரன் டு – அளவு எட்டுதல். நூலின் பக்கங்களுக்கு அதிக வழக்கு.
• ரன் பாஸ்ட், ரன் பை – ஒருவரிடம் சொல்லிக் கருத்துக் கேட்டல். அலுவலக வழக்கு.
• ரன் இன் – புதிய வண்டியை மெதுவாக ஓட்டிப் பழக்குதல். பிரிட்டன் பேச்சுவழக்கில் கைதுசெய்தல்.
• ரன் அவுட் – தீர்தல். எழுவாய் தீரும் பொருள்: பால், நேரம், பணம்.
• ரன் அவுட் ஆஃப் – எழுவாய் ஆள். தீர்ந்த பொருள் ‘ஆஃப்’ பின். இரண்டுக்கும் செயப்பாட்டு வடிவம் இல்லை. ‘மில்க் வாஸ் ரன் அவுட்’ பிழை.
• பிரிக்கக்கூடியவை – வண்டி ஏற்றும் ‘ரன் ஓவர்’, இகழும் ‘ரன் டவுன்’, கடன் ஏற்றும் ‘ரன் அப்’. பிரதிப்பெயர் நடுவில்: ‘ரன் ஹிம் டவுன்’. பிரிக்க இயலாதவை – ‘ரன் இன்டு’, ‘ரன் அக்ராஸ்’, ‘ரன் ஆஃப்டர்’.

தேர்தல்

• ‘ரன் ஃபார்’ – அமெரிக்கா. ‘ஸ்டேண்டு ஃபார்’ – பிரிட்டன். ‘கான்டெஸ்ட்’ – இந்தியா. ஒரே செயல், மூன்று நாட்டு வழக்கு. பத்தி வாசித்து விடையளிக்கும் பகுதியில் நாட்டை அடையாளம் காட்டும் சொல்.
• ‘ரன்னிங் மேட்’ – துணை அதிபர் வேட்பாளர். முதலில் குதிரைப் பந்தயச் சொல். அதிபருக்கும் துணை அதிபருக்கும் தேர்வாளர்களின் தனித்தனி வாக்கு – 12ஆவது திருத்தம், 1804.
• பெரிய கட்சியின் முதல் பெண் ரன்னிங் மேட் – ஜெரால்டின் ஃபெராரோ, ஜனநாயகக் கட்சி, 1984. குடியரசுக் கட்சியில் – சாரா பேலின், 2008. வென்ற முதல் பெண் – கமலா ஹாரிஸ், 2020. தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர்.
• ‘ரன்ஆஃப்’ – அறுதிப் பெரும்பான்மை கிட்டாதபோது முதலிருவருக்குள் இரண்டாம் சுற்று. பிரான்சில் 1965 அதிபர் தேர்தல்: டி கோல் – மித்தரான். நீரியலில் இதே சொல் – மண்ணில் இறங்காமல் வழிந்தோடும் மழைநீர்.

வங்கி

• ‘பேங்க் ரன்’ – வைப்பாளர் அனைவரும் ஒரே நேரத்தில் பணம் திரும்பக் கேட்டல். நலமான வங்கியையும் வீழ்த்தும்; காரணம் குறுகிய கால வைப்பு, நீண்ட கால கடன் என்ற முரண்.
• விளக்கிய கோட்பாடு – டயமண்ட்–டிப்விக், 1983. நோபல் – 2022, பென் பெர்னான்கி, டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக்.
• பிரிட்டன்: ஓவரெண்ட் கர்னி, 1866, நார்தர்ன் ராக், செப்டம்பர் 2007.
• அமெரிக்கா: சிலிக்கான் வேலி பேங்க் – 9 மார்ச் 2023 ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க முயற்சி, மறுநாள் மூடல். வரிசையில் நின்ற காலம் முடிந்து கைப்பேசியில் நடந்த ‘ரன்’.
• தடுப்பு – வைப்புக் காப்பீடு. இந்தியாவில் 1 ஜனவரி 1962 முதல்; தொடக்க வரம்பு ₹1,500. 1993 முதல் ₹1 லட்சம். 4 பிப்ரவரி 2020 முதல் ₹5 லட்சம்.

சட்டம்

• காலம் ‘ரன்’ ஆகத் தொடங்கினால் பின்வரும் இயலாமை நிறுத்தாது – காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 9. கணக்குத் தொடங்கும் நாள் விலக்கு – பிரிவு 12.
• ‘ரன் கன்கரன்ட்லி’ – தண்டனைகள் ஏககாலத்தில். ‘ரன் கன்செக்யூட்டிவ்லி’ – ஒன்றன்பின் ஒன்றாக. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973இல் பிரிவுகள் 31, 427. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2023இல் பிரிவுகள் 25, 467.
• ஒரே விசாரணையில் பல குற்றங்கள்: 1973 சட்டத்தில் நீதிமன்றம் ஏககாலம் எனக் குறிப்பிடாவிட்டால் சிறைத்தண்டனை ஒன்றன்பின் ஒன்றாக இருந்தது. 2023 சன்ஹிதாவில் இரண்டில் எது என்பதை நீதிமன்றமே கட்டளையிட வேண்டும்.
• நிலத்தோடு ‘ரன்’ ஆகும் உடன்பாடு – உரிமையாளர் மாறினாலும் கட்டுப்படுத்தும். முன்னோடித் தீர்ப்பு – டல்க் எதிர் மாக்ஸே, இங்கிலாந்து, 1848.

கிரிக்கெட்

• முதல் டெஸ்ட் ரன் – சார்லஸ் பேனர்மேன், ஆஸ்திரேலியா, மெல்போர்ன், 15 மார்ச் 1877. முதல் சதமும் அவரே: 165, காயத்தால் விலகல். அணி மொத்தம் 245. அவர் பங்கு 67 விழுக்காட்டுக்கும் மேல். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக, முழுமையாக முடிந்த இன்னிங்ஸில் இந்தப் பங்கை ஒருவரும் தாண்டவில்லை. மனப்பாடம் செய்யத் தகுந்த சாதனை.
• 10,000 டெஸ்ட் ரன் முதலில் – சுனில் கவாஸ்கர், ஆமதாபாத், 1987. அதிக டெஸ்ட் ரன் – சச்சின் டெண்டுல்கர், 15,921.
• ரன் எடுத்தல் – விதி 18. ரன் அவுட் – விதி 38. விக்கெட் பந்துவீச்சாளர் கணக்கில் சேராது.
• நோ-பாலிலும் ரன் அவுட் உண்டு, வைடிலும் உண்டு.
• மூன்றாம் நடுவரால் முதலில் ரன் அவுட் – சச்சின், டர்பன், நவம்பர் 1992.
• பந்து வீசும் முனையில் பில் பிரவுனை வினு மன்கட் ரன் அவுட் செய்தது – சிட்னி, 13 டிசம்பர் 1947. இவ்வகை ரன் அவுட், விதி 41 ‘நேர்மையற்ற ஆட்டம்’ பகுதியிலிருந்து விதி 38க்கு மாற்றம் – 1 அக்டோபர் 2022. சட்டப்படியான இச்செயலுக்கு மன்கட் பெயர் வசைபோல் ஒட்டியது அநீதி. விடைத்தாளில் ‘ரன் அவுட்’ என்றே எழுதுதல் சரி.
• முதல் சமன் டெஸ்ட் – பிரிஸ்பேன், டிசம்பர் 1960. கடைசி விக்கெட் ரன் அவுட், எறிந்தவர் ஜோ சாலமன்.
• நிகர ரன் விகிதம் = ஓவருக்கு எடுத்த ரன் − ஓவருக்குக் கொடுத்த ரன். அணி முழுதும் ஆட்டமிழந்தால் முழு ஓவர் ஒதுக்கீடும் கணக்கில்.
• அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ‘ஹோம் ரன்’: அதிகம் – பேரி பாண்ட்ஸ் 762, அடுத்து ஹேங்க் ஆரன் 755.

கணினி

• ‘ரன்’ – நிரலை இயக்குதல். பேசிக் மொழியில் கட்டளைச் சொல்லாகவே இடம். பேசிக் அறிமுகம் 1 மே 1964, டார்ட்மவுத் கல்லூரி, உருவாக்கியவர்கள் கெமனி, கர்ட்ஸ்.
• ‘ரன்-டைம் எரர்’ – இயங்கும்போது வெளிப்படும் பிழை, தொகுக்கும்போது தெரியாது.
• விண்டோஸ் விசை + ஆர் – ‘ரன்’ பெட்டி.
• ‘ரன்-லெங்த் என்கோடிங்’ – அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்பை எண்ணிக்கையாகச் சுருக்கும் முறை.

பொருளியல், இலக்கியம்

• ‘ஷார்ட் ரன்’ – குறைந்தது ஓர் உற்பத்திக் காரணியாவது மாறாத காலம். ‘லாங் ரன்’ – அனைத்தும் மாறும் காலம். ஆல்பிரட் மார்ஷல், ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் எக்கனாமிக்ஸ்’, 1890. ஆண்டுக்கணக்கு அல்ல, தொழிலுக்குத் தொழில் மாறும்.
• ‘லாங் ரன்’ பற்றிய கெய்ன்ஸின் புகழ்பெற்ற வரி இடம்பெற்ற நூல் – ‘எ டிராக்ட் ஆன் மானிட்டரி ரிஃபார்ம்’, 1923.
• ‘ரன்-ஆன் லைன்’ – பொருள் முடியாமல் அடுத்த அடிக்குச் செல்லும் கவிதை அடி. எதிர்ச்சொல் ‘எண்ட்-ஸ்டாப்டு லைன்’. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’, 1667, இதற்குப் பெயர்பெற்றது.
• ‘ரன்னிங் ரிதம்’ – ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் தந்த பெயர். அவர் கையாண்டது ‘ஸ்பிரங் ரிதம்’.
• ‘ரன்-ஆன் சென்டன்ஸ்’ – இணைப்புச் சொல்லோ நிறுத்தக்குறியோ இன்றி ஒட்டிய இரு முழு வாக்கியங்கள்.
• ‘ராபிட், ரன்’ – ஜான் அப்டைக், 1960. ‘தி கைட் ரன்னர்’ – காலித் ஹுசைனி, 2003.

மரபுத்தொடர்கள்

• ரன் தி காண்ட்லெட் – இருபுறத் தாக்குதலைக் கடத்தல். ஸ்வீடிஷ் ‘காட்லோப்’ சொல்லின் திரிபு, பழைய படைத் தண்டனை.
• ரன்-ஆஃப்-தி-மில் – சாதாரணமான. ஆலையில் தரம் பிரிக்காத சரக்கு.
• டிரை ரன் – ஒத்திகை.
• ஆல்சோ-ரேன் – வெற்றி பெறாத போட்டியாளர். குதிரைப் பந்தய முடிவுப் பட்டியலிலிருந்து.
• ரன் வித் தி ஹேர் அண்டு ஹண்ட் வித் தி ஹவுண்ட்ஸ் – இருபக்கமும் சேர்தல்.
• ஆன் தி ரன் – தலைமறைவாக. இன் தி ரன்னிங் – வாய்ப்புள்ள. இரண்டும் வினாத்தாளில் அருகருகே வைக்கப்படும்.
• ரன்னர்-அப் – இரண்டாமிடம். பன்மை ‘ரன்னர்ஸ்-அப்’, ‘ரன்னர்-அப்ஸ்’ பிழை.